சொல்லாதே என்று சத்தியம் வாங்கிய தங்கை

ஏற்காட்டு மலையிலிருந்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. எழுதியவருக்கு 23 வயது. சேலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார், சனிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் ஞாயிறு இரவு இறங்கி வருகிறார். அப்பா ஒரு காபித் தோட்டத்தில் சூப்பர்வைசர். அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டில் பிளஸ் டூ படிக்கும் 17 வயதுத் தங்கையும் 12 வயதுத் தம்பியும் இருக்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் சொல்கிறேன்.

கோடை விழாக் கூட்டத்தின்போது, குதிரை சவாரி விடுபவர் ஒருவரிடம் புதிதாக ஒரு ஆள் வேலைக்குச் சேர்ந்தார். வயது 32 என்று சொல்லிக்கொள்கிறார். சொந்த ஊர் எது என்று யாருக்கும் தெரியாது. அகலத் தொப்பி, முழங்கால் வரை பூட்ஸ், பெரிய பக்கிள் வைத்த பெல்ட், கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை. வெயிலிலும் மழையிலும் இதே கௌபாய் உடுப்புதான். தாத்தா மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் குதிரை ஓட்டிய ஸ்டன்ட்காரர் என்று ஒரு நாள் சொல்வார். இன்னொரு நாள், மலையில் முதன்முதலில் தோட்டம் போட்ட வெள்ளைக்கார துரையின் வாரிசு தான்தான் என்பார். இந்தச் சரிவு முழுக்கத் தன் மாட்டுப் பண்ணை, பத்திரத்தைத் தோட்டக்காரர்கள் திருடிக்கொண்டார்கள் என்பார். சவாரிக்கு வந்தவர்களிடம் “என் நிலத்துக்கு வந்த விருந்தாளிகள் நீங்கள், காசு வேண்டாம்” என்று சொல்லிச் சொல்லியே அந்த வேலையும் போய்விட்டது. இப்போது தோட்டத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லயன் வீடுகளில், ஆளில்லாத ஒன்றில் தங்கியிருக்கிறார். ராத்திரி நேரத்தில் தோட்டத்து முள்வேலியை வெட்டிவிடுகிறார்.

பள்ளி விட்டு நடந்து வரும் வழியில் தங்கைக்கு இவரோடு பழக்கம் ஏற்பட்டு, அது காதலாகியிருக்கிறது. அவளுக்கு வேறு ஒரு பேர் வைத்து அந்தப் பேரில்தான் கூப்பிடுகிறார். நோட்டில் அவள் தன் சொந்தப் பேரை எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்திருக்கிறார். தீபாவளிக்கு முந்தைய வாரம், தோட்டத்துக் காவல்காரரின் நாய் மணியை நாட்டுத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றுவிட்டு, “ஓநாய் வந்தது, மந்தையைக் காப்பாற்றினேன்” என்றிருக்கிறார். அங்கே மந்தையே கிடையாது. துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி லயன் வீட்டுப் பரணில் வைத்திருப்பதைத் தம்பியும் பார்த்திருக்கிறான்.

தீபாவளி லீவில் தங்கை இதையெல்லாம் அக்காவிடம் சொல்லிவிட்டாள். அரையாண்டுத் தேர்வு முடிகிற ராத்திரி, பொம்மிடி பக்கம் காட்டுப் பாதையில் இறங்கி ரயிலேறி அவரோடு ‘மேற்கே’ போகப் போவதாகவும் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அம்மா படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அக்காவின் கேள்விகள் இவை. அவருக்கு இருப்பது மனநோயா, நடிப்பா? ஜூன் மாதம் தங்கைக்கு 18 ஆகிவிடும், அதுவரை எப்படியாவது இழுத்துப் பிடித்தால் போதாதா? சத்தியத்தை மீறினால் அவள் எதையாவது செய்துகொள்வாளோ? அப்பாவுக்குத் தெரிந்தால் தர்மபுரியில் இருக்கும் தாய்மாமனுக்கு உடனே கட்டி வைத்துவிடுவார், அதற்கு என்ன செய்வது? வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே போய் அவரைப் பார்த்துப் பேசலாமா? கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது: “அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது டாக்டரம்மா.”

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் வயதில் எனக்கு ஒரு பெண் இருக்கிறாள், அதனால் இப்படிக் கூப்பிடுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகாதீர்கள். தனியாகவும் போக வேண்டாம், தோட்டத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டும் போக வேண்டாம். “என்னிடம் மரியாதையாகத்தான் பேசுவார், எடுத்துச் சொன்னால் கேட்பார்” என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவரை அவருடைய கதையில் நீங்கள் அவளுடைய அக்கா. அவளைக் கூட்டிக்கொண்டு போகாதே என்று வாய் திறந்து சொல்கிற நிமிஷத்தில் நீங்கள் வேறு ஆளாகிவிடுவீர்கள். காவல்காரர் வீட்டு மணி அவர் கண்ணுக்கு ஓநாயாகத் தெரிந்ததை மறக்காதீர்கள்.

நோயா, நடிப்பா?

நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயின் பேர் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சேர்ந்து யோசிக்கலாம்.

கௌபாய் மோகம் நோய் அல்ல. சிவகாசியில் அச்சாகி வரும் கௌபாய் சித்திரக் கதைகளுக்கு ஐம்பது வயது தாண்டியவர்கள் இன்றைக்கும் சந்தா கட்டுகிறார்கள். 1970களில் தொப்பி, குதிரை, துப்பாக்கி என்று தமிழிலேயே படங்கள் வந்தன. என் அண்ணன் சின்ன வயதில் அட்டையில் வெட்டிய ஷெரீஃப் நட்சத்திரத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவான். சாப்பிடக் கூப்பிட்டால் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்காருவான். நான் கவனிப்பது அதைத்தான். ஆசைக்குப் போட்ட வேஷத்தைத் தேவைப்படும்போது கழற்ற முடியும். ஏமாற்றுக்காரரும் கழற்றுவார், பொய்யால் லாபம் இல்லாத இடத்தில் அது தானாக விழுந்துவிடும். இவர் அந்தப் பொய்யால் வேலையை இழந்த பிறகும் அதை விடவில்லை. காசு வாங்காமல் அனுப்பியது, இல்லாத மந்தைக்குக் காவல் நின்றது, தன் நிலம் என்று நம்பி ராத்திரியில் வேலியை வெட்டியது, எல்லாமே அவருக்கு நஷ்டம். தனக்கே கேடு வந்தாலும், எதிரே ஆயிரம் சான்று இருந்தாலும் அசையாத நம்பிக்கையை நாங்கள் ‘டெல்யூஷன்’ என்போம். மனச்சிதைவு, அளவு மீறிய உற்சாகம் வரும் மிகை எழுச்சி நோய் (மேனியா), கஞ்சா அல்லது மது, மூளையில் ஏதாவது கோளாறு என்று அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். வாதம் செய்து மாற்ற முடியாது. பத்திரப் பதிவு அலுவலகத்திலிருந்து வில்லங்கச் சான்று வாங்கிக் காட்டினால், அதிகாரியும் கூட்டுக் களவாணி என்பார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாதவர்கள். முப்பது வருடமாக அவர்களோடு இருப்பவள் நான், அவர்களைப் பார்த்துப் பயப்படச் சொல்ல மாட்டேன். இந்த மனிதர் விஷயத்தில் நான் பயப்படுவது நோயின் பேருக்காக அல்ல. கையில் துப்பாக்கி இருக்கிறது, ஏற்கனவே ஒரு உயிரைச் சுட்டாகிவிட்டது, தன்னை ஏமாற்றியவர்கள் என்று ஒரு கூட்டத்தை நம்புகிறார், போகிற நாள் குறித்தாகிவிட்டது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் என் பயம்.

அந்த ‘ஏமாற்றிய கூட்டம்’ யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இவர் கனவு காணும் உலகம் நிஜத்தில் ரொம்பக் கொஞ்ச காலம்தான் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்த பிறகு சுமார் இருபது வருடம், டெக்சாஸ் மாடுகளைக் கன்சாஸ் ரயிலடி வரை ஓட்டிப்போன கூலிகள்தான் கௌபாய்கள். கறுப்பினத்தவர்களும் மெக்சிகோக்காரர்களும் அதில் நிறையப் பேர். பல மாட்டுச் சந்தை ஊர்களில் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊருக்குள் நடமாட வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1874-ல் காப்புரிமை பெற்ற ஒரு முள்கம்பி வேலி மலிவாகப் பரவியதும், திறந்தவெளி மேய்ச்சல் ஒழிந்து அந்த வாழ்க்கையும் முடிந்தது. இந்தக் கதைகளில் ஊறியவருக்கு வேலி என்றால் வெறும் வேலி இல்லை, தன் உலகத்தைப் பறித்த எதிரி. உங்கள் அப்பா, இந்த மனிதர் ராத்திரி வெட்டிய வேலியைக் காலையில் ஆள் விட்டுத் திரும்பக் கட்டுகிறவர். தெரியாமலே அந்தக் கதையின் வில்லன் இடத்தில் அப்பா நின்றுகொண்டிருக்கிறார். உங்கள் தங்கைக்கு வேறு பேர் வைத்து அவளுக்கும் ஒரு இடம் கொடுத்தாகிவிட்டது. அவள் ஒரு நாள் “நான் வரவில்லை, எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும்” என்று சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. அதைச் சொல்கிற இடம் காட்டுப் பாதையாக இருந்துவிடக் கூடாது.

“என் அன்பால் அவர் சரியாகிவிடுவார் என்று சொல்கிறாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பு வேண்டாம் என்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். ஆனால் இந்த வகை நம்பிக்கை மருந்தில்தான் தளரும், பலருக்குச் சில வாரங்களிலேயே தளர ஆரம்பிக்கும். அவர் வைத்த பேருக்கு அவள் ‘என்ன’ என்று திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய கதைக்கு ஒரு சாட்சி கிடைக்கிறது, கதை இன்னும் இறுகுகிறது. இப்போது அவளே “அந்த நிலம் எங்களுடையது” என்று பேசுவதைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். நெருக்கமாக, மற்றவர்களிடமிருந்து விலகி இருக்கும் இருவரில் ஒருவரின் நம்பிக்கை மற்றவருக்குத் தொற்றுவதை நாங்கள் பார்ப்பதுண்டு. அது அவளிடம் கடனாக வந்தது, அவளுக்குள் முளைத்தது அல்ல. பிரிந்து கொஞ்ச நாள் இருந்தால் பெரும்பாலும் தானாகவே கழன்றுவிடும்.

அவளைப் புத்தி கெட்டவள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். பதின்மூன்று வயதில் அம்மாவை இழந்தவள். நீங்கள் வேலைக்குக் கீழே போய்விட்டீர்கள், அப்பா பறிப்புக் காலத்தில் இருட்டும் வரை தோட்டத்தில் இருக்கிறார். நாலரை மணிக்கு அவள் பூட்டைத் திறந்து போகும் வீட்டில் யாரும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுத்தவர் வேலி. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, இதெல்லாம் நம்முடையது, நீதான் இதற்கு ராணி என்றால் எந்தப் பெண்ணுக்கும் நெஞ்சு நிறையும்.

சத்தியத்தை மீறலாமா?

மீறுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். உங்களிடம் சொல்லாமலே அவள் போயிருக்கலாம். சொல்லாதே என்று சத்தியம் வாங்கியவள், எதற்காக உங்களிடம் சொன்னாள்? தேதியைச் சொன்னாள், பாதையைச் சொன்னாள், துப்பாக்கி இருக்கும் இடத்தைச் சொன்னாள், நாய் செத்ததைச் சொல்லி அழுதாள். தடுக்க வேண்டியவருக்கு என்னென்ன தெரிய வேண்டுமோ அத்தனையும் உங்கள் கையில் கொடுத்திருக்கிறாள். அவளுக்குள் ஒரு பாதி போக விரும்புகிறது, இன்னொரு பாதி அக்கா வந்து கையைப் பிடித்து நிறுத்த மாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. சத்தியம் வாங்கியது முதல் பாதி, சொன்னது இரண்டாவது பாதி. அம்மா இருந்திருந்தால் எந்தப் பாதியின் பேச்சைக் கேட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

“எதையாவது செய்துகொள்வாளோ” என்ற பயம் நியாயமானது, அதை ஒதுக்கிவிட வேண்டாம். அவளிடமே நேராகக் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் கிடைக்கும். முதல் பத்துப் பதினைந்து நாள் அவளைத் தனியாக விடாதீர்கள். தோட்டத்து வீடு ஆனதால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் ஒரு பாட்டில்கூட இருக்கக் கூடாது, ஷெட்டில் பூட்டிச் சாவியை அப்பா வைத்துக்கொள்ளட்டும். எந்த நேரமும் தமிழில் பேச 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், இருக்கிறது. நீங்களும் அதில் பேசலாம், நாலு வருடமாக அம்மா இடத்தில் நிற்கிறீர்கள்.

சட்டம் சொல்வது

“ஜூனில் 18 ஆகிவிடும்” என்ற கணக்கைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது முடியாதவர் குழந்தை. அவளுடைய சம்மதம் சட்டத்தின் கண்ணில் சம்மதமே இல்லை. இதுவரை ஏதாவது நடந்திருந்தால் ஜூன் மாதப் பிறந்தநாள் அதை அழித்துவிடாது. என்ன நடந்தது என்று நீங்கள் துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம், அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.

ஹாஸ்டல் தோழி ஒருவர், காதல் வழக்குகளைக் கோர்ட்டே தள்ளுபடி செய்துவிடும் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கேள்விப்பட்டது பாதி உண்மை. விடலைப் பருவத்தில் இருக்கும், வயதில் நெருங்கிய இருவரின் காதலைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. இங்கே ஒருவருக்கு 17, மற்றவருக்கு 32.

மைனரைப் பெற்றவர் காவலிலிருந்து அழைத்துப் போவது, அவள் விரும்பியே கூடப் போனாலும், ஆள் கடத்தலாகும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி தனிக் குற்றம். இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போக்சோ குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதும் குற்றம்தான், ஆறு மாதம் வரை சிறை உண்டு. உங்கள் கடிதத்தில் பேரோ முகவரியோ போன் எண்ணோ இல்லாததால்தான் இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். தெரிந்திருந்தால் நானே தகவல் சொல்லியிருப்பேன், உங்களிடம் சொல்லிவிட்டே செய்திருப்பேன்.

போலீஸ் என்றதும் ஸ்டேஷன் பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருப்பது உங்கள் கண்ணில் வருகிறது. சட்டம் அப்படி இல்லை. வாக்குமூலத்தை வீட்டிலேயோ அவள் விரும்பும் இடத்திலேயோ வாங்க வேண்டும். முடிந்தவரை சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாமல் வந்து வாங்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. அவள் பேரோ படமோ எந்தப் பத்திரிகையிலும் வரக் கூடாது. நடைமுறையில் எல்லா இடத்திலும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது உங்கள் உரிமை என்று தெரிந்து கேட்டால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

தாய்மாமன் விஷயம். அப்பா அதைத் தீர்வு என்று நினைப்பார், ஆனால் அது இன்னொரு குற்றம். 18 வயதுக்குள் அவளைக் கட்டிக்கொடுத்தால் 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி மாப்பிள்ளைக்கும், நடத்தி வைத்த அப்பாவுக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஒரு ஆபத்திலிருந்து தூக்கி இன்னொன்றில் போடுவதற்கு நீங்கள் சத்தியத்தை உடைக்க வேண்டியதில்லை. பேச்சு எழுந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லிவிடுங்கள். அப்பாவிடம் இதை அத்தை வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த வாரம் என்ன செய்வது?

இதை நீங்கள் படிக்கும்போது டிசம்பர் பிறந்திருக்கும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

முதலில் அத்தை. அயோத்தியாப்பட்டினத்தில் இருக்கும் அப்பாவின் அக்கா பேச்சை அப்பா தட்ட மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிடப் பெரிய உதவி இந்த நேரத்தில் இல்லை. நாளைக்கே போய் முழுவதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அடுத்தது போலீஸ், அப்பாவிடம் சொல்வதற்கு முன்பே. வரிசையை மாற்றிவிடாதீர்கள். அப்பாவுக்கு முதலில் தெரிந்தால் தோட்டத்து ஆட்கள் இருபது பேரோடு லயன் வீட்டுக்குப் போவார், உள்ளே துப்பாக்கி இருக்கிறது. அத்தையோடு ஏற்காடு காவல் நிலையத்துக்கோ சேலம் மாவட்ட எஸ்.பி. அலுவலகத்துக்கோ போய்ச் சொல்லுங்கள், அல்லது 1098-ல் சொல்லி மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகின் ஆட்களோடு போங்கள். உடனடி ஆபத்து என்றால் 112. எங்கே பேசினாலும் முதல் வாக்கியம் துப்பாக்கியைப் பற்றியதாக இருக்கட்டும், அவர்கள் தயாராகப் போக வேண்டும். நாயைச் சுட்டது, தேதி, பாதை, வேலி, இல்லாததை நம்பிப் பேசுவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் பாதி மறந்துவிடும்.

அந்தத் துப்பாக்கியை நீங்களோ தம்பியோ எடுத்து ஒளித்து வைக்க நினைக்காதீர்கள். தங்கை போனில் இருக்கும் மெசேஜ்களை அழிக்க வேண்டாம்.

போலீஸ் அங்கே போகும் நேரத்தில் தங்கை மலையில் இருக்கக் கூடாது. அதற்கு முன்னாலேயே அத்தை வந்து அவளையும் தம்பியையும் கீழே கூட்டிப்போகட்டும். மிச்சத் தேர்வை எழுத வழி உண்டா என்று தலைமை ஆசிரியரிடம் அத்தையும் நீங்களும் நேரில் பேசுங்கள், படிப்பு நின்றால் அவளுக்கு மிஞ்சுவது அவர் சொன்ன மேற்குதான். “கடைசியா ஒரே ஒரு தடவை பார்த்துச் சொல்லிட்டு வந்துடறேன்” என்று கெஞ்சுவாள். அதற்கு மட்டும் இரங்காதீர்கள். இப்படிப்பட்ட உறவுகளில் பிரிவைச் சொல்லப் போகும் அந்தக் கடைசிச் சந்திப்புதான் மிக ஆபத்தானது. நேரிலும் கூடாது, போனிலும் கூடாது.

பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும் வரை அவள் உங்களோடு பேசாமல் வரலாம். பரவாயில்லை.

தம்பியை மறந்துவிடாதீர்கள். பன்னிரண்டு வயதில் ஒரு துப்பாக்கியின் ரகசியத்தைச் சுமந்துகொண்டிருக்கிறான். சொல்லாமல் இருந்ததற்காக யாரும் அவனைத் திட்டக் கூடாது.

தங்கையிடம் பேசும்போது

“அவன் பைத்தியம்” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவரைக் காப்பாற்றுகிற வேலை அவளுக்கு வந்துவிடும், அந்த வேலையைத்தான் அவள் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறாள். அவருடைய வம்சாவளி பொய் என்று நிரூபிக்கவும் போக வேண்டாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் மலைக்குக் காபி கொண்டுவந்த கதையைச் சொல்லி, இவர் எந்தத் துரைக்கும் வாரிசு இல்லை என்று நீங்கள் விளக்கினால், அவள் பதில் வைத்திருப்பாள்.

அவளுக்கே பயம் வந்த இடம் ஒன்று இருக்கிறது. மணி செத்த அன்றைக்கு அவள் அழுதாள். மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் கேட்டு ஒப்புக்கொண்டவளால் அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அங்கிருந்து பேசுங்கள். “மணி சத்தம் போட்டுதா? நீ எங்க நின்னுட்டிருந்த?” என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அவள் சொல்லட்டும். ஒரே நாளில் சொல்ல மாட்டாள். சத்தியத்தை ஏன் மீறினீர்கள் என்று கேட்டால் மழுப்ப வேண்டாம்: “ஆமா, மீறிட்டேன். நீ உயிரோட இருந்து என்மேல கோபப்பட்டா போதும்.” கொஞ்ச மாதம் கோபப்படுவாள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அவளை அங்கே அழைத்துப்போய்ப் பேச வையுங்கள். நோய் என்பதற்காக அல்ல, இழந்ததைச் சொல்லி அழ ஒரு இடம் வேண்டும். இந்த மனிதருக்காக மட்டுமல்ல, அம்மாவுக்காகவும் அவள் இன்னும் அழுது முடிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் பாவம் இல்லையா?

பாவம்தான். அப்படி எழுதியதற்காக உங்கள் மேல் எனக்கு மதிப்பு கூடியது. அந்த மனிதருக்கு எங்கோ ஒரு அம்மா இருக்கலாம், இவரைத் தேடிக் களைத்துப்போன ஒரு தம்பி இருக்கலாம். கொஞ்ச மாதமாக அவரைச் சுற்றி இருந்தவர்களில் சிலர் வேடிக்கை பார்த்தார்கள், செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக யாரும் இல்லை.

போலீசிடம் சொல்வது அவருக்குத் துரோகம் என்று நினைக்கிறீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில், மனநோயோடு அலைந்து தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கூட்டிப்போக வேண்டும் என்று இருக்கிறது. அப்படி எடுத்தவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. குற்ற வழக்கு தனியாக நடக்கும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வழக்கில் இருப்பவருக்கும் சிகிச்சை பெறும் உரிமை உண்டு. மனு கொடுக்கும்போது, இவருக்கு மனநலப் பரிசோதனை தேவைப்படுகிறது என்ற ஒரு வரியையும் எழுதிக் கொடுங்கள். இந்த மலையில் அவருக்காக யாரும் இதுவரை எழுதாத வரி அது. உங்கள் தங்கையால் செய்ய முடியாததை, அவளை நடுவில் நிறுத்தாமல், அந்த ஒரு வரி செய்யக்கூடும்.

அத்தை வீட்டுக்கு நாளைக்கே போகச் சொன்னேன். ஹாஸ்டலில் சொல்லிக்கொள்ள நேரம் இல்லை என்றால் போனில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சனிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம், கண்ணு.